காவலனின் கவசம்

நெகிரி செம்பிலானின் தம்பினில் பிறந்து, 2010-ஆம் ஆண்டு குவாங்சோ ஆசிய விளையாட்டில் மலேசிய ஹாக்கி அணி வெள்ளிப் பதக்கம் பெற்றபோது கோல் காத்து நின்ற குமார் சுப்பிரமணியத்தின் கீர்த்தியைச் சிலாகிக்கும் தோட்டத்து ஜனங்கள், அத்தகைய காவலன் காலில் கட்டும் கவசத்தின் பராமரிப்பைப் பற்றிச் சற்றும் யோசிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். பிரம்பும் கித்தானும் கொண்டு செய்த பழைய கவசத்தை வெயிலில் உலர்த்தியது நியாயமே. ஆனால் இன்றைய நுரைப்பஞ்சுக் கவசமோ உக்கிரமான வெப்பத்தில் உருக்குலையக் கூடியதாகையால், ரப்பர் ஷீட்டைக் கொடியில் போடுவதுபோல, வியர்வை ஊறிய கையுறையையும் மார்புக் கவசத்தையும் நிழலில் காற்றோட்டமாகத் தனித்தனியே தொங்கவிடுதல் உத்தமம். நம் சீதோஷ்ணத்தில் பைக்குள்ளேயே கிடந்தால் பூஞ்சணம் பிடிப்பது நிச்சயம். புதிய பாதக் கவசம் விறைத்துக் கிடக்குமாதலால், அதைப் பந்தய தினத்தன்று முதன்முதலாக அணிபவன், சுமார் 160 கிராம் எடையுள்ள பந்தைத் தடுத்துவிட்டாலும் அது எத்திசையில் தெறிக்குமென்று அறியான்; பயிற்சியில் அணிந்து அணிந்து பழக்குவதன்றி வேறு உபாயமில்லை. ஒரே கவசத்தை நாலு பையன்களுக்கு மாற்றி மாற்றிக் கட்டும் கழகங்கள், அளவொத்த ஒருவனிடமே அதை ஒப்படைத்து, அறுந்த வாரைச் செப்பனிடும் பொறுப்பையும் அவனுக்கே கொடுக்கட்டும்.