அந்த இரண்டு எங்கிருந்து வந்தது?

பெயர்ச்சீட்டு இல்லாத புட்டியில் ஒரு வெண்படிக அமிலம். 0.1600 கிராம் எடைபோட்டு, கரைத்து, பினாப்தலீன் விட்டு, 0.1000 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடால் தரம்பார்க்கிறோம், 25.0 மில்லிலிட்டர் செலவாகிறது. மாணவர் மோலார் நிறை 128 என்று எழுதுகிறார். முழு மதிப்பெண்ணும் போடுகிறோம், ஏனென்றால் வினாத்தாளில் ‘இருகாரத்துவ அமிலம்’ என்று நாமே அச்சிட்டிருக்கிறோம்.

சோதனை சொன்னதோ 64 மட்டும். அது சமான நிறை. மூலக்கூறு ஒன்று எத்தனை புரோட்டான் தரும் என்பது பியூரெட்டுக்குத் தெரியாது. புட்டியில் இருந்தது நீரற்ற சிட்ரிக் அமிலமானால் சமான நிறை 64.04, மோலார் நிறை அதன் மும்மடங்கு, 192.12. ஆக்சாலிக் அமில டைஹைட்ரேட்டுக்கு 63.03, இருமடங்கில் 126.07. இடைவெளி ஒன்றரை சதவீதந்தான். திறன் கண்ட பிறகு கரியமில வாயுவைக் குடித்த காரத்தைப் பயன்படுத்தினால் பினாப்தலீன் முடிவுநிலைக்குக் கூடுதலாகச் செலவாகும். சிட்ரிக் அமிலமே 63 என்று வந்து நிற்கும்.

பி.எச். வளைவரையில் படிகளை எண்ணலாமே என்பார்கள். சிட்ரிக் அமிலத்தின் பி.கே.ஏ. மதிப்புகள் 3.13, 4.76, 6.40. இவ்வளவு நெருங்கியிருந்தால் படிகள் ஒன்றில் ஒன்று கரைந்து, கடைசி ஏற்றம் மட்டுமே தெளிவாகத் தெரியும். அதை நம்பினால் ஒருகாரத்துவ அமிலம்!

வழி பழையது. டூலாங், பெட்டி விதி (1819) தந்த அணு நிறை தோராயமானதுதான். ஆனால் துல்லியமான சமான நிறையை எந்த முழு எண்ணால் பெருக்குவது என்று முடிவுசெய்ய அது போதுமானதாக இருந்தது. நமக்கு அந்த வேலையை உறைநிலைத் தாழ்வு செய்யும். 100 கிராம் நீரில் 4 கிராம் சிட்ரிக் அமிலம். பனிக்கட்டியும் உப்பும் கலந்த குளிர்கலவை. பத்தில் ஒரு பாகை காட்டும் வெப்பமானி. மோலார் நிறை 64 என்றால் உறைநிலை 1.16 பாகை இறங்க வேண்டும், 128 என்றால் 0.58, 192 என்றால் 0.39. சிறிதளவு அயனியாவதால் 0.41 அளவில் நிற்கும். யாரும் தடுமாறப்போவதில்லை.

ஆக்சாலிக் அமிலம் அவ்வளவு சாது அல்ல. முதல் புரோட்டானை எளிதில் விட்டுவிடுவதால் துகள்கள் பெருகி, தோற்ற மோலார் நிறை 95-ஐ ஒட்டி வரும். 63-க்கும் 126-க்கும் நட்டநடுவே. அதே கரைசலின் பி.எச். அளந்து, ஹைட்ரஜன் அயனிச் செறிவை மொத்தத் துகள் செறிவிலிருந்து கழித்தால் 126-க்கு அருகே வந்துவிடும். நல்ல மாணவருக்கு இந்தக் கழித்தலே ஒரு பிற்பகல் வேலை.

ஆகவே வினாத்தாளிலிருந்து ‘இருகாரத்துவ’ என்ற சொல்லை எடுத்துவிடலாம். பெருக்கிய எண் எப்படிக் கிடைத்தது என்று ஏட்டில் ஒரு வரி கேட்போம், அந்த வரிக்கும் மதிப்பெண் வைப்போம். இரண்டு அமிலங்களையும் ஒரே வகுப்பில் கொடுங்கள். எந்தப் புட்டியில் எது என்பது ஆய்வக உதவியாளருக்கு மட்டும் தெரிந்திருக்கட்டும்.