ஈர நூலில் இன்டர்நெட்!

தீப்பெட்டி டெலிபோன் ஞாபகம் இருக்கிறதா? இரண்டு காலிப் பெட்டி, நடுவில் ஒரு நூல். நூல் விறைப்பாக இருந்தால் பேச்சு கேட்கும். தொய்ந்தால் போச்சு.

2017 டிசம்பரில் இங்கிலாந்தில் ஓர் இன்ஜினீயர் நூலில் இன்டர்நெட்டையே அனுப்பிப் பார்த்தார். ஆண்ட்ரூஸ் அண்ட் அர்னால்டு என்ற சின்ன பிராட்பேண்ட் கம்பெனிக்காரர். மோசமான டெலிபோன் லைனை 'ஈர நூல்' என்று கிண்டல் செய்வது அங்கே வழக்கம். நிஜமாகவே ஈர நூலை மாட்டினால் என்ன ஆகும் என்று ஆசை வந்துவிட்டது. சுமார் 2 மீட்டர் நூலை உப்புத் தண்ணீரில் நனைத்து, செம்புக் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினார். டேட்டா வந்தது, விநாடிக்கு 3.5 மெகாபிட் வேகத்தில்! 5 எம்.பி. போட்டோ ஒன்று 12 விநாடிக்குள் இறங்கிவிடும்.

நூல் எப்படி மின்சாரத்தைக் கடத்தும்? கடத்துவது நூல் இல்லை, உப்புத் தண்ணீர். ஆனால் பாதிப் பெருமை மோடத்துக்குத்தான். டெலிபோன் லைனில் வருகிற ஏ.டி.எஸ்.எல். மோடம், லைனை 256 சின்னச் சின்னப் பாதைகளாகப் பிரித்துக்கொள்ளும். வேலை தொடங்குமுன் ஒவ்வொன்றையும் சோதிக்கும். நல்ல பாதையில் நிறைய சுமை, சுமாரான பாதையில் கொஞ்சம், படுமோசமான பாதையில் ஒன்றுமே ஏற்றாது. மாசக் கடைசியில் நாம் வீட்டுச் செலவைச் சமாளிப்போமே, அதுபோல.

இந்தச் சாமர்த்தியத்தில்தான் ஒரு வம்பும் இருக்கிறது. லைன் எவ்வளவு கெட்டாலும் மோடம் காட்டிக்கொடுக்காது. இது எனக்கு அனுபவம்.

சில வருஷத்துக்கு முன் ஊரில் அம்மா வீட்டில் டெலிபோன் லைன் இன்டர்நெட்தான். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேரனைப் பார்த்தால்தான் அம்மாவுக்கு அந்த வாரம் ஓடும். ஒரு மழைக்காலத்தில், "ஏண்டி, புள்ள மூஞ்சி கட்டம் கட்டமாத் தெரியுதே" என்றாள். புகார் எண்ணுக்குப் போன் போட்டேன்.

"மோடத்துல பச்சை விளக்கு எரியுதா மேடம்?"

"எரியுது."

"அப்ப லைன் நல்லாத்தான் இருக்கு."

ஆறு வாரம் இதே பதில். நானும் அம்மாவிடம், "உன் போன்தான் பழசு" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. ஈர நூலைப் பற்றி அன்றைக்கே தெரிந்திருந்தால், "விளக்கு நூலிலும் எரியும் சார், ஸ்பீடு எவ்வளவு வருது, அதைச் சொல்லுங்க" என்று கேட்டிருப்பேன்.

ஏழாவது வாரம் லைன்மேன் ஒருவர் வந்தார். வாசல் கம்பத்தில் இருந்த பெட்டியைத் திறந்தால் உள்ளே மழைத் தண்ணீர். கம்பி இணைப்பு முழுக்கப் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்ததாம். "இதுல எப்படிம்மா இத்தனை நாள் நெட் வந்துச்சு?" என்று அவரே ஆச்சரியப்பட்டாராம். வெட்டி, சுரண்டி, புதிதாக இணைத்துவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலமே அம்மா வீடியோவில் கூப்பிட்டாள். பேரனைக் கொஞ்சநேரம் உற்றுப் பார்த்தாள்.

"இவனுக்கு முன்பல் எப்படி விழுந்துச்சு?"

விழுந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.