கொடியைப் பேசினோம், துணியைப் பேசவில்லை

கம்யூனிஸ்டுகள் தேசியக் கொடி ஏற்றலாமா, தேசபக்தி என்று எங்கள் மேடையில் பேசலாமா என்று கிணத்துக்கடவு வட்டாரத் தோழர்கள் நாங்கள் சில ஆண்டுகளாகவே மல்லுக்கட்டி வருகிறோம். ஒரு தரப்பு, ருஷ்யர்களின் தேசியப் பெருமிதம் பற்றி லெனின் 1914 டிசம்பரில் எழுதிய கட்டுரையைக் காட்டும். மறுதரப்பு, அதே லெனின் முதல் உலகப் போரில் சொந்த அரசு தோற்க வேண்டும் என்று நின்றதைக் காட்டும். திரிபுவாதி, குறுங்குழுவாதி என்று ஏசிக்கொண்டதில் பேச்சே நின்றுபோனவர்கள் உண்டு. இந்தச் சண்டைக்கு நடுவே நாங்கள் செய்யாமல் விட்டவற்றை எழுதிவைக்க வேண்டியிருக்கிறது.

2021 ஆகஸ்ட் 15 அன்று மார்க்சிஸ்ட் கட்சி தன் அலுவலகங்களில் தேசியக் கொடி ஏற்றியபோது எங்கள் வாதம் முற்றியது. அந்த டிசம்பர் 30-இல் ஒன்றிய அரசு கொடி விதிகளைத் திருத்தியது. அதுவரை கையால் நூற்றுக் கையால் நெய்த துணிதான் கொடி. திருத்தத்துக்குப் பிறகு இயந்திரத்தில் செய்த பாலியஸ்டரும் கொடியானது. அடுத்த ஆகஸ்டில் வீடுதோறும் கொடி என்றார்கள். ஹூப்ளியில் கதர்க்கொடி செய்கிறவர்கள் எங்கள் பிழைப்பு என்னாவது என்று எதிர்ப்புத் தெரிவித்தார்கள். இங்கே, திருத்தம் வந்த சில நாட்களிலேயே, 2022 ஜனவரியில், கூலி உயர்வு கேட்டுக் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறிகள் நின்றன. நெசவு ஊரான சென்னிமலையில் பிறந்து, 1932 ஜனவரியில் திருப்பூர் வீதியில் கொடியை விடாமல் அடிபட்டுச் செத்த குமரனின் சீமை இது. ஏற்றுவதா கூடாதா என்று ராத்திரியெல்லாம் பேசிய நாங்கள், அந்தத் துணி எங்கே நெய்யப்படுகிறது, நெய்கிறவருக்கு என்ன கூலி என்று ஒரு துண்டறிக்கைகூடப் போடவில்லை. மார்க்சியம் படித்தவர்கள் முதலில் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

இதைவிடப் பெரிய தவறு 1942 விஷயத்தில். வெள்ளையனே வெளியேறு போராட்டத்தின்போது, அந்த ஆகஸ்டில், சூலூர் விமானத் தளத்துக்குத் தீ வைத்தார்கள். சிங்காநல்லூர்ப் பக்கம் ரயிலைக் கவிழ்த்தார்கள். பிடிபட்டவர்கள் அடியும் சிறையும் பட்டார்கள். கம்யூனிஸ்ட் கட்சி மீதிருந்த தடை அதற்கு முந்தைய மாதம்தான் நீங்கியிருந்தது. ஹிட்லர் சோவியத் மீது பாய்ந்த பிறகு இது மக்கள் யுத்தம், உற்பத்தி நிற்கக் கூடாது என்பது கட்சியின் நிலை. அதனால் விழுந்த துரோகிப் பட்டம் தலைமுறை தாண்டியும் எங்களைத் துரத்துகிறது. எங்கள் பதில் என்ன? அந்த முடிவு சரி என்று ஒரு கூட்டம், தவறு என்று ஒரு கூட்டம். சூலூர் வழக்கில் உள்ளே போனவர்களின் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு எழுத ஒருவரும் போகவில்லை. அது காங்கிரஸ்காரங்க சமாச்சாரம் என்று விட்டுவிட்டோம். சொல்லக் கூடியவர்கள் இன்று உயிரோடு இல்லை.

நம்மவர்கள் கதையையாவது சொன்னோமா? சின்னியம்பாளையம் ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள் ராமையன், ரங்கண்ணன், வெங்கடாசலம், சின்னையன் நால்வரையும் 1946 ஜனவரி 8-இல் கோவைச் சிறையில் தூக்கிலிட்டது வெள்ளைக்கார அரசு. அதே ஆண்டு டிசம்பர் 11-இல் ஸ்டேன்ஸ் மில் துப்பாக்கிச் சூட்டில் 11 பேர் செத்தார்கள். சுதந்திரத்துக்கு ஓராண்டுகூட இல்லாத நேரம். தேசத்துக்காகச் செத்தவர்கள் பட்டியலில் இவர்கள் ஏன் இல்லை என்று கேட்க எங்களைவிட உரிமை யாருக்கு இருக்கிறது? நாங்களோ ஜனவரி 8-இல் மாலை போட்டு, முழக்கமிட்டு, மதியத்துக்குள் வீடு திரும்பினோம். எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கே அந்த நான்கு பெயரும் தெரியாது. 1962 சீனப் போரையும் 1964 கட்சிப் பிளவையும் மட்டும் தீர்மானம் தீர்மானமாகச் சொல்வோம். அவை தலைவர்களின் சண்டைகள். எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டால் போதும், வேறு வேலையில்லை.

2023 மார்ச்சில் பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோன தொழிலாளர்கள் கோவையிலும் திருப்பூரிலும் ரயில் ஏறினார்கள். தேசம் என்றால் என்ன என்று எங்களைவிட நீளமாக வாதிட்டவர்கள் இந்த வட்டாரத்தில் இல்லை. ஆனால் அவர்கள் தங்கியிருந்த கல் கிரஷர் கொட்டகைக்குப் போய், பயப்படாதீங்க, நாங்க இருக்கோம் என்று இந்தியில் சொல்ல எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இந்தத் தொழிலாளர்கள் இங்கே பல வருடமாக இருக்கிறார்கள். தக்காளி மார்க்கெட்டில் கேரள லாரிக்குப் பெட்டி ஏற்றுகிறார்கள், நார்த் தொழிற்சாலையில் மட்டைத் தூசுக்குள் நிற்கிறார்கள், குவாரியில் பாறை உடைக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது, கல் விழுந்து ஒருவர் செத்தால் ஊருக்கு உடலை அனுப்பும் செலவு யாருடையது, நஷ்ட ஈடு கேட்டு யார் வழக்குப் போடுவது என்று எங்கள் கிளைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதுவரை ஒரு வரி ஏறியதில்லை.