முற்றத்தில் பறை ஒலிக்கும். கூடத்திற்குள் யாருடைய வரலாறு?

2025 சூலை 27 அன்று, கங்கைகொண்ட சோழபுரத்து ஆடித் திருவாதிரை விழாவின் நிறைவு நாளில், பிரதமர் முன்னிலையில் இளையராஜாவின் இசை நிகழ்ச்சி நடந்தது. அரியலூர் மாவட்டத்தின் இதே ஊரில் 22 கோடி ரூபாய்ச் செலவில் சோழர் அருங்காட்சியகம் அமைப்பதாகவும் தமிழ்நாடு அரசு அறிவித்துள்ளது. இசையும் அருங்காட்சியகமும் இனி இங்கு கைகோத்தே நடக்கும் என எதிர்பார்க்கலாம். நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகம் 1998 முதல் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலைகளில் இசை நிகழ்ச்சி நடத்தி இளைஞர்களை உள்ளே அழைத்து வருகிறது. நல்ல வழிதான். கண்ணாடிப் பேழைகளை மட்டும் காண எந்தக் கல்லூரி மாணவர் பேருந்தேறி வருவார்?

அப்படியொரு மாலையில் பறையும் அழைக்கப்படும். முற்றத்தில் பறை முழங்கும், மாணவர்கள் ஆடுவார்கள். பிறகு கூடத்திற்குள் நுழைவார்கள். அங்கே என்ன இருக்கும் என்பதே நம் கேள்வி.

அருங்காட்சியகத்தோடு நமக்குள்ள பழைய உறவு இனிமையானதன்று. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகப் பதிவு செய்தவர். 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவரது நூலில் அந்த அளவுகள் உள்ளன. அங்கே நாம் பார்வையாளர்களாக அல்ல, அளவைப் பொருள்களாகவே இருந்தோம்.

சோழர் பெருமையைச் சொல்லவிருக்கும் கூடம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளை விட்டுவிட முடியாது. அவற்றில் வரிநீக்கப்பட்ட நிலங்களின் வரிசையில் குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. இராசேந்திரனின் கங்கைப் படையெடுப்புக்குச் சுவரளவு ஓவியம் வைப்பவர்கள், இச்சொற்களுக்கு ஒரு பலகையாவது வைப்பார்களா?

பறை வெறும் தாளக்கருவியன்று. இழவு வீட்டிற்கு அடித்தே தீரவேண்டும் என்ற கட்டாயத்தின் நினைவும் அதில் உண்டு. அடிக்க மறுத்தவர்களை ஊர் விலக்கி வைத்ததுண்டு. 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கட்டாய ஊழியமும், 2015 திருத்தத்திற்குப் பின் சமூகப் புறக்கணிப்பும் குற்றங்கள். பறையைக் கலையாக மீட்டவர்களும் நம்மவரே, அடிக்கமாட்டோம் எனக் கீழே வைத்தவர்களும் நம்மவரே. அந்த இரண்டாம் வரலாறு விழா மேடைகளில் ஒலிப்பதில்லை. அதைச் சொல்லத்தக்க இடம் அருங்காட்சியகந்தான்.

2011 கணக்கெடுப்பின்படி பெரம்பலூர் மாவட்ட மக்களில் 31 விழுக்காட்டினரும், அரியலூரில் 23 விழுக்காட்டினரும் பட்டியல் சாதியினர். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்தைய கடலுயிர்ப் படிமங்களுக்கு வாரணவாசியில் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. மறுப்பின் வரலாற்றுக்குக் கங்கைகொண்ட சோழபுரத்தில் ஒரு சுவர் கேட்கிறோம். காட்சித் திட்டத்தை வகுக்கும் குழுவில் இவ்விரு மாவட்டப் பறைக் கலைஞர்களுக்கும் இடம் வேண்டும். விழா மேடையேறும் பிற இசைஞர்களுக்கு இணையான ஊதியமும், அழைப்பிதழில் அவர்தம் பெயரும் வேண்டும். பேழைகளுக்குள் பொருள்கள் வைக்கப்படும் முன்பே இக்கோரிக்கைகள் தொல்லியல் துறையின் மேசைக்குச் சென்றாக வேண்டும்.