நட்பு நாட்டுக்குச் சிவப்புக் கம்பளம், நமக்கு மலக்குழி

கோரிப்பாளையம் சிக்னல் பக்கத்து டீக்கடையில் 2025 டிசம்பர் முதல் வாரம் முழுக்க ஒரே பேச்சு. ரஷ்ய அதிபர் புதின் டெல்லி வந்தார். பிரதமரே விமான நிலையத்துக்குப் போய்க் கட்டித்தழுவி, ஒரே காரில் அழைத்துப் போனார். "ஆபத்துக்கு நிக்கிற ஒரே நண்பன் ரஷ்யாதான்" என்றார் ஒருவர். "எஸ்-400 மட்டும் இல்லேன்னா நம்ம கதி என்ன?" என்றார் இன்னொருவர்.

அந்தக் கடையிலிருந்து நாலு எட்டு வைத்தால் பெரியாஸ்பத்திரி. அதன் பிணவறை வாசல் எங்களுக்குப் பழகிய இடம். சாதிவெறியில் வெட்டுப்பட்டவர்களுக்கும் மலக்குழியில் மூச்சுமுட்டிச் செத்தவர்களுக்கும் நீதி கேட்டு, உடலை வாங்க மறுத்து, அங்கேதான் உட்கார்ந்திருப்போம். இதே மதுரையில், 2022 ஏப்ரலில், நேரு நகர் கழிவுநீரேற்று நிலையத்தில் மூன்று தொழிலாளர்கள் விஷவாயு தாக்கி மாண்டார்கள்.

அதனால் டீக்கடைப் பேச்சில் நாங்களும் வாய் திறந்தோம். உடனே வந்தது கேள்வி: "உங்களுக்கு எதுக்குப்பா வெளிநாட்டு விவகாரம்? உங்க பிரச்சினையை மட்டும் பேசுங்க."

இந்த விவகாரத்தை முதலில் பேசியவரே எங்கள் ஆள்தான். 1951இல் சட்ட அமைச்சர் பதவியைத் துறந்த அண்ணல் அம்பேத்கர், அக்டோபர் 10 அன்று வெளியிட்ட அறிக்கையில் அதற்கான காரணங்களைச் சொன்னார். இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவைக் கைவிட்டதைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பட்டியல் சாதியினர் புறக்கணிக்கப்படுவதையும் வெளியுறவுக் கொள்கையையும் அதே அறிக்கையில் அவர் கண்டித்தார். நாட்டின் ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய். அதில் 180 கோடி இராணுவத்துக்குப் போகிறது. ஆபத்தில் கைகொடுக்க நண்பர்கள் இல்லாத கொள்கையால்தான் இந்தச் செலவு என்பது அவர் வாதம். அண்ணல் சோவியத் ஆதரவாளர் அல்லர். படை வேண்டாம் என்று சொன்னவரும் அல்லர். அவர் தந்தையே சுபேதார். வெளியுறவுக் கொள்கையின் சுமை யார் தலையில் இறங்குகிறது என்று கணக்குப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை இன்று பார்ப்போம். 1971 ஆகஸ்ட் 9 அன்று இந்தியாவும் சோவியத் யூனியனும் நட்புறவு ஒப்பந்தம் போட்டன. 2000இல் அது 'கேந்திரக் கூட்டுறவு' ஆனது. 2010இல் 'சிறப்பும் தனிச்சலுகையும் கொண்ட' கூட்டுறவு என்று பட்டம் வேறு. நண்பன் கிடைத்தால் செலவு குறைய வேண்டும் அல்லவா? 2025-26 பாதுகாப்பு பட்ஜெட் 6.81 லட்சம் கோடி ரூபாய். ஆயுதச் சந்தையில் நண்பன்தான் கடைக்காரன், நாம் வாடிக்கைக்காரர்கள்.

விக்கிரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். 2004 ஒப்பந்தத்தில் கப்பல் இலவசம், பழுதுபார்க்கும் கூலி மட்டும் சுமார் 97 கோடி டாலர் என்றார்கள். 2013இல் கப்பல் கைக்கு வந்தபோது கூலி 230 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. ஓசி மாட்டுக்குக் கயிறு வாங்கியே கடன்பட்ட கதை. 2018இல் எஸ்-400க்கு 543 கோடி டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 40 ஆயிரம் கோடி ரூபாய்.

மலக்குழியில் மனிதர் இறங்குவதை ஒழிக்க ஒன்றிய அரசு கொண்டுவந்த 'நமஸ்தே' திட்டத்துக்கு 2025-26 வரையிலான மூன்று ஆண்டுகளுக்கு ஒதுக்கியது சுமார் 350 கோடி ரூபாய். அதுவும் நாடு முழுக்க 4,800க்கும் மேற்பட்ட நகராட்சி, மாநகராட்சிகளுக்கு. வானத்தில் வரும் ஏவுகணையை அடிக்க அதைப்போல் நூறு மடங்குக்கும் மேல் பணம் இருக்கிறது. தரையில் மூடியைத் திறந்தால் அடிக்கும் விஷவாயுவைத் தடுக்கப் பணம் இல்லை. எல்லையில் ஆபத்து இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கள் பிள்ளைகளும் அங்கே நிற்கிறார்கள். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லுக்குள் துப்புரவுத் தொழிலாளியின் உயிர் அடங்குமா அடங்காதா என்றுதான் கேட்கிறோம்.

இந்த நட்பால் எங்களுக்கு எதுவுமே கிடைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். பிலாய் எஃகு ஆலையும் நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமும் சோவியத் உதவியில் எழுந்தவை. பொதுத்துறையில் இடஒதுக்கீடு வந்தபோது எத்தனையோ சேரிகளில் முதல் மாதச் சம்பளக்காரர் அங்கிருந்துதான் வந்தார். மாஸ்கோவில் அச்சாகி நியூ செஞ்சுரி புத்தகக் கடைக்கு வந்த தமிழ்ப் புத்தகங்களைச் சில்லறைக் காசுக்கு வாங்கிப் படித்து வளர்ந்தவர்கள் எங்கள் பெரியவர்கள். அந்த நட்பு ஆலையாகவும் புத்தகமாகவும் எங்கள் தெருவரைக்கும் வந்தது.

இன்றைய நட்பில் வேலை யாருக்கு? ரஷ்யத் தொழில்நுட்பத்தில் டி-90 டாங்கி செய்யும் ஆவடித் தொழிற்சாலை அரசுத் துறையாக இருந்தது. 2021 அக்டோபரில் நாடெங்கும் உள்ள படைக்கலத் தொழிற்சாலைகளை ஏழு கம்பெனிகளாக உடைத்தார்கள். தொழிலாளர்கள் எதிர்த்தால் வேலைநிறுத்தத்தையே தடை செய்ய அதே ஆண்டில் தனிச் சட்டம் போட்டார்கள். சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி என்று பாதுகாப்புத் தொழில் வழித்தடம் போட்டுத் தனியாரை அழைக்கிறார்கள். தனியார் துறையில் இடஒதுக்கீடு கிடையாது. ஒப்பந்தம் போடுவது அரசு, பணம் மக்கள் வரி, வேலை மட்டும் முதலாளியின் விருப்பம் என்றால் சமூகநீதி எங்கே?

கூடங்குளத்தையும் மறக்கவில்லை. 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தம். தங்கள் கடலுக்கும் பிள்ளைகளுக்கும் என்ன ஆகும் என்று கேட்ட இடிந்தகரை மீனவ மக்கள்மேல் தேசத்துரோக வழக்கு பாய்ந்தது. இரண்டு அரசுகளின் நட்பைக் கேள்வி கேட்டால் சொந்தக் குடிமக்களே துரோகிகள்!

கடைசியாக உயிர்க்கணக்கு. நல்ல சம்பளம், உதவியாளர் வேலை என்று ஏஜென்ட்டுகள் ஆசைகாட்டி ரஷ்யாவுக்கு அனுப்பிய இந்திய இளைஞர்கள் உக்ரைன் போர்முனையில் நிறுத்தப்பட்டார்கள். 2024 ஜூலையில் மாஸ்கோ போன பிரதமர் இதை நேரிலேயே பேசினார். 2025 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சொன்ன கணக்கு: ரஷ்யப் படையில் சிக்கியவர்கள் 126 பேர், இறந்தவர்கள் 12 பேர், காணாமல் போனவர்கள் 16 பேர். கட்டித்தழுவும் அளவுக்கு நெருக்கம் இருந்தும் வேலை தேடிப்போன பிள்ளைகள் எல்லோரையும் உயிரோடு மீட்க முடியவில்லை. வேலையில்லாமல் வட்டிக்குக் கடன் வாங்கி வெளிநாடு போகிற இளைஞர்கள் நம் மதுரைத் தெருக்களிலும் இருக்கிறார்கள். நாளை அந்த ஏஜென்ட் இங்கே வரமாட்டான் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே நாங்கள் கேட்கிறோம். ஆயுத ஒப்பந்தங்களின் செலவை நாடாளுமன்றத்தில் வைத்து விவாதியுங்கள். கூட்டு உற்பத்தியில் பங்குபெறும் ஒவ்வொரு நிறுவனத்திலும், அது தனியாராக இருந்தாலும், இடஒதுக்கீட்டை நிபந்தனையாக்குங்கள். ரஷ்யாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு இழப்பீட்டை அந்த நண்பனிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு மனிதரும் மலக்குழிக்குள் இறங்கத் தேவையில்லாதபடி எல்லா ஊர்களுக்கும் இயந்திரம் கொடுங்கள்.

இவற்றைச் செய்துவிட்டு யாரை வேண்டுமானாலும் கட்டித்தழுவுங்கள், நாங்களும் கைதட்டுகிறோம். அதுவரை பிணவறை வாசலில் இருந்துகொண்டு கணக்குக் கேட்டுக்கொண்டேதான் இருப்போம்.

ஜெய்பீம்!