மின் கட்டணம்: மைசூருவில் பேரத்துக்கு இடம் எங்கே?

புது தில்லி: வேறு நிறுவனத்துக்கு மாறப்போவதாகச் சொல்லும் செல்பேசி வாடிக்கையாளரைச் சலுகை தேடி வருவதுண்டு. எண்ணை மாற்றாமலேயே நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 ஜனவரி 20-ல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்ததன் பலன் இது. மின் கட்டணத்தில் இந்தப் பேரம் செல்லாது. மைசூரு, மாண்டியா, சாமராஜநகர், குடகு, ஹாசன் மாவட்டங்களின் வீடுகளுக்கு மின்சாரம் வழங்குவது சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் கழகம் மட்டுமே.

போட்டி இல்லாத இந்தத் துறையில் கட்டணத்தை நிர்ணயிப்பது கர்நாடக மின்சார ஒழுங்குமுறை ஆணையம். பொதுமக்களின் ஆலோசனைகளையும் ஆட்சேபங்களையும் பரிசீலித்த பிறகே கட்டண உத்தரவு பிறப்பிக்க வேண்டும் என்கிறது 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 64-வது பிரிவு. நுகர்வோருக்கு உள்ள பேர மேடை இதுதான். மைசூரு கிராஹகர பரிஷத் என்ற நுகர்வோர் அமைப்பு இந்த விசாரணைகளில் ஆட்சேபங்களைத் தாக்கல் செய்து வந்துள்ளது. ஆனால், லட்சக்கணக்கான இணைப்புகளின் சார்பில் பேசுவோர் ஒரு சிலரே.

இந்த அலட்சியத்துக்கு விலை உண்டு. 2025 ஏப்ரல் முதல் கர்நாடகத்தில் வீட்டு மின்சாரம் யூனிட்டுக்கு ரூ.5.90-லிருந்து ரூ.5.80-ஆகக் குறைந்தது. அதே வேளையில் நிலைக் கட்டணம் கிலோவாட்டுக்கு ரூ.120-லிருந்து ரூ.145-ஆக உயர்ந்தது. மின் ஊழியர்களின் ஓய்வூதியம், பணிக்கொடை ஆகியவற்றில் அரசின் பங்கை ஈடுகட்ட யூனிட்டுக்கு 36 காசும் சேர்க்கப்பட்டது. 3 கிலோவாட் இணைப்பில் மாதம் 250 யூனிட் பயன்படுத்தும் குடும்பத்துக்கு 25 ரூபாய் குறைந்து, 165 ரூபாய் கூடியது. வரி நீங்கலாக, நிகரச் சுமை 140 ரூபாய்.

கர்நாடக அரசு 2023-ல் கொண்டுவந்த 'கிருஹ ஜோதி' திட்டத்தில் 200 யூனிட் வரை, முந்தைய சராசரியுடன் 10 சதவீதம் சேர்த்த அளவு இலவசம் என அப்போது அறிவிக்கப்பட்டது. கட்டணமே செலுத்தாத குடும்பங்களுக்கு விசாரணையில் அக்கறை இல்லாமல் போவது இயல்பு. ஆனால், அந்தக் கட்டணத்தை மின் கழகத்துக்குச் செலுத்துவது மாநிலக் கருவூலம். இலவச மின்சாரம் பெறும் தமிழகத்துக்கும் இது பொருந்தும்.

ஒரே பகுதியில் பல விநியோக நிறுவனங்களை அனுமதிப்பதே தீர்வு என்பது மத்திய அரசின் வாதம். 2022 ஆகஸ்டில் மக்களவையில் அறிமுகமான மின்சாரத் திருத்த மசோதா, 2024-ல் அவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. 2025 அக்டோபரில் புதிய வரைவு வெளியானது. லாபம் தரும் வாடிக்கையாளர்களைத் தனியார் பொறுக்கிக்கொண்டு, நஷ்டத்தை அரசு நிறுவனங்களின் தலையில் கட்டிவிடுவார்கள் என்பது மின்துறைத் தொழிற்சங்கங்களின் அச்சம். அதைப் புறந்தள்ள முடியாது.

தேவைக்கு மேல் அனுமதிக்கப்பட்ட மின்பளுவைக் குறைக்க விண்ணப்பித்து, நிலைக் கட்டணத்தை மிச்சப்படுத்தும் வழி தனி நுகர்வோருக்கு உண்டு. 2025-26 கட்டணப்படி கிலோவாட்டுக்கு மாதம் ரூ.145 மிச்சமாகும். கட்டண விகிதத்தையே குறைக்க வேண்டுமானால், கணக்குகளைப் படித்து ஆட்சேபம் எழுதுவோர் பெருக வேண்டும். காலியாகக் கிடக்கும் இருக்கைகளின் முன்னால் மின் நிறுவனங்கள் வைக்கும் கணக்கே இறுதிக் கணக்காகிவிடும்.