மடல் தமிழனது, பேழை எவனது?

பேகன் ஆண்ட பொதினி மலைத்தொடரின் மேலே, பூம்பாறையிலும் மன்னவனூரிலும் விளையும் கோடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூண்டுக்கு ஊர்ப்பெயர் உண்டு; அதை விற்க உழவன் விடுக்கும் மின்னஞ்சலுக்கோ ஊருமில்லை, மொழியுமில்லை! அமெரிக்கப் பெருமுதலாளியின் பேழையில், ஆங்கில எழுத்து முகவரியில் அது கிடக்கிறது. தமிழெழுத்தில் பெயர் கொடுத்து முகவரி கேட்டால் கூகுள் தருவதில்லை. பிறர் வைத்திருக்கும் தமிழ் முகவரியோடு மடலாட 2014-இலேயே வழிசெய்த அந்நிறுவனம், தன் வாயிலில் மட்டும் ஆங்கில எழுத்தையே கேட்கிறது. இது முடியாமையா? மனமின்மை!

‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ என்னும் தமிழ்ப் பெயரீறுகள் 2011 முதலே உள. போசுட்டுபிக்சு என்னும் கட்டற்ற அஞ்சல் மென்பொருள், 2015-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்தே தமிழ் முகவரியை ஏற்கிறது. தமக்கென ஓர் அஞ்சல் வழங்கி வைக்கத் தமிழமைப்புகள் அஞ்சுவதே குறை. 2025 சூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாரா எண்ணெய் நிறுவனத்தின்மேல் தடை விதித்ததும், மைக்ரோசாப்ட்டு அதன் மின்னஞ்சலை முடக்கிற்று. தில்லி உயர்முறைமன்றப் படியேறிய பின்னரே திறந்துவிட்டது. எண்ணெய் வேந்தர்க்கே இந்நிலையெனில், மலையூர்த் தமிழ்மன்றத்தை எவன் பொருட்படுத்துவான்?

“மலையில் மின் நில்லாது, பெரும்பொறிக்குப் பொருளில்லை” என்பது சோம்பர் கூற்று. பத்துப் பதினைவர் மடலாடப் பெரும்பொறி எதற்கு? கையகல இராசுபெரி பை பலகை ஏறத்தாழ 5 வாட்டில் ஓடும். இரவுபகலாய் ஆண்டு முழுதும் ஓடினும் 44 அலகே. மூலையிற் கிடக்கும் பழைய மேசைக் கணிப்பொறி 80 வாட்டு இழுத்தால் 700 அலகு! இலவயமாய் வந்ததென்று அதனை வழங்கியாக்குவோர் மின்கட்டணத்தில் அதன் விலையை அழுதே தீர்வர். குப்பைமடல் வடிகட்டியோடு 2 கிகாபைட்டு நினைவகம் போதும்; நச்சுநிரல் தேடும் மென்பொருளும் வேண்டுமெனில் 4. சிக்கனம் பார்க்கக் கூடாத இடம் ஒன்றுண்டு: மடல்களைச் சிறு நினைவட்டையில் வைத்தலாகாது. ஓயாது எழுதப்படும் அட்டை தேய்ந்து, ஒருநாள் சொல்லாமலே சாகும். திண்மநிலை வட்டே தக்கது. கோடைக்கானற் குளிரில் விசிறி வேண்டா. மூடுபனி ஈரமே பகை. ஆதலின் வெப்பத்தைத் தானே வெளிவிடும் மூடிய மாழையுறை நன்று.

12 வோல்ட்டு, 7 ஆம்பியர்-மணி ஈயமின்கலத்தில் பாதியை மட்டும் செலவிட்டாலும் 42 வாட்டு-மணி. நேர்மின்னாகவே கொடுத்தால் அச்சிறுபலகை எட்டுமணி நேரம் ஓடும். 2018 நவம்பரில் கசா புயல் மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்தபோது, மேல்மலை ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாளிலும் மடல் உடனே அழியாது. பெறுவோன் வழங்கி விழித்திராவிடின், விடுத்த வழங்கி நான்கைந்து நாள்வரை மீண்டும் மீண்டும் முயல்வதே அஞ்சல் நெறி.

“பலகையே ஆங்கிலேயன் ஆக்கமன்றோ?” என்று எள்ளுவாருளர். விலைகொடுத்து வாங்கிய கலப்பை உழவனுடையது. அயலான் களஞ்சியத்தில் இரவலாய்ப் பெற்ற மூலை அவனுடையதன்று. இவ்வேறுபாடு அறியாதாரோடு வழக்காடிப் பயனில்லை.

இடர்கள் இல்லாமலில்லை. நிலைமுகவரியுள்ள இணைப்பைக் கேட்டுப் பெறல் வேண்டும். வீட்டிணைப்புகளில் அஞ்சலுக்குரிய 25-ஆம் வாயில் பெரிதும் அடைபட்டிருக்கும். சிறு வழங்கியின் மடலைப் பெருநிறுவனங்கள் குப்பையில் தள்ளும். விடுக்கும் மடலுக்கு மட்டும் ஓர் இடைவழங்கியை அமர்த்தலாம். தமிழ் முகவரியை ஏற்காத வழங்கிகள் இன்னும் பலவாதலின், இலத்தீன் எழுத்தில் ஒரு மாற்று முகவரியும் சிலகாலம் இருக்கட்டும். ஆனால் மடல்தலைப்பில் முதற்கண் நிற்பது தமிழ் முகவரியே ஆகுக. படியெடுத்த இரண்டாம் வட்டை அதே அறையில் வையாமல், மண்சரிந்து மலைப்பாதை அடைபடுமுன், வத்தலக்குண்டிலுள்ள உறுப்பினர் வீட்டில் திங்கள்தோறும் சேர்த்துவிடுக.